அம்மா வீட்டு மிக்ஸிக்கு என்ன மாற்ற வேண்டும்?

"நல்லாத்தானே ஓடுது, இதுக்கு எதுக்குப் புதுசு?" தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பெற்றவர்கள் இதைச் சொல்லாத வீடு குறைவு. பையன் கும்பகோணத்தில் தனிக்குடித்தனம் போகிறான், பெண் மன்னார்குடியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள் என்றால் குட்டியானையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பரணில் கிடந்த மிக்ஸி ஏறும். பின்கட்டு கிரைண்டர் ஏறும். ரேழியில் மாட்டியிருந்த சீலிங் ஃபேனும், சில வீடுகளில் ஃபிரிட்ஜும்கூட ஏறும். வந்து இறங்கியதை அப்படியே பிளக்கில் சொருகுவதும் தப்பு, பார்க்காமலே காயலான் கடைக்குப் போடுவதும் தப்பு.

பழைய சாமான்களில் ஒரு பெரிய வசதி, அவை ஸ்க்ரூ போட்டு மூடியவை. திறக்கலாம், உள்ளே இருப்பதைக் கழற்றலாம். மோட்டார் சுலபத்தில் சாகாது. தேய்வதெல்லாம் புஷ், பெல்ட், கார்பன், வாஷர், கண்டன்சர் மாதிரியான சில்லறைச் சாமான். அம்மா அப்பா அந்தச் சில்லறையை அந்தந்த நேரத்தில் மாற்றினார்கள், அதனால்தான் இருபது வருஷம் ஓடியது. நம் கைக்கு வரும்போது அடுத்த மாற்றத்துக்கு நேரமாகியிருக்கும். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் பிளக்கில் சொருகாமலே செய்ய வேண்டியவை. பரணில் கிடந்தது என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்திருக்கும். இரண்டு நாள் காற்றோட்டமான நிழலிலோ இளவெயிலிலோ வைத்துக் காய விடுங்கள். ஒயரை முழு நீளமும் விரலால் தடவிப் பாருங்கள். நெல் குதிர் இருந்த வீடு என்றால் எலி கடித்த தடம் எங்காவது இருக்கும். கருவிக்குள் ஒயர் நுழையும் இடமும், பிளக்குக்குள் நுழையும் இடமும் தினம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. அந்த இடத்தை வளைத்துப் பார்த்தால் கொழகொழவென்று மடங்கும். நூல் சுற்றிய பழைய ஒயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்று கம்பி ஒயராக மாற்றிவிடுங்கள். மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் இறுகியிருந்தால் கரண்ட் கொடுக்காதீர்கள். இறுகிய மோட்டாருக்குக் கரண்ட் போனால் சில நிமிஷத்தில் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், புகைந்துவிடும்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் கடையில் ஒரு மரப்பலகை இருக்கும். ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு சுவிட்ச். பேஸ் கம்பி பல்பு வழியாகப் போய்த்தான் சாக்கெட்டுக்கு வரும். இதைச் சீரீஸ் லாம்ப் என்பார்கள். 100 வாட் குண்டு பல்பு போட வேண்டும், எல்இடி பல்பு இதற்கு உதவாது. பழைய கருவியை முதல் தடவை இந்தச் சாக்கெட்டில் சொருகிச் சோதித்தால், உள்ளே ஷார்ட் இருந்தாலும் ஃபியூஸ் போகாது, புகை வராது, பல்பு மட்டும் முழுப் பிரகாசத்தில் எரியும். கருவியின் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே பல்பு எரிந்தால் ஒயரிலேயே கோளாறு. சீலிங் ஃபேன் என்றால் மங்கலாக எரிய வேண்டும். மிக்ஸிக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் எதிர்ப்பு குறைவு, கொஞ்சம் பிரகாசமாகவே எரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்தப் பலகையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் செய்து வாங்குங்கள். மின்வேலை தெரியாதவர் கட்டக்கூடாது.

இதோடு ஒரு மல்டிமீட்டர், இரண்டு இடத்துக்கு நடுவில் மின்தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் மீட்டர். பிளக்கின் பேஸ், நியூட்ரல் முனைகளுக்கும் கருவியின் உலோக உடம்புக்கும் நடுவில் பீப் சத்தம் வரவே கூடாது. எர்த் முனைக்கும் உடம்புக்கும் நடுவில் வந்தே ஆக வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் கருவி ரிப்பேருக்குத்தான் போக வேண்டும், அடுப்படிக்கு அல்ல.

மிக்ஸிக்கு வருவோம். டெல்டாவில் இப்போது கைமாறும் மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேனில் பல, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்தவை. ஒரே மாதிரி தெரிந்தாலும் பல கம்பெனிகள் செய்து கொடுத்தவை அவை. பக்கத்து வீட்டு அரசு மிக்ஸியின் ஜார் நம் மிக்ஸியில் உட்காராமல் போவது இதனால்தான். கடைக்குப் போகும்போது "கவர்மென்ட் மிக்ஸி கப்ளர்" என்று கேட்காமல், பழைய கப்ளரையும் ஜாரையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் பூப்போல இருக்கும் ரப்பர் அல்லது நைலான் துண்டுதான் கப்ளர். ஜாரில் மஞ்சள் கிழங்கு சிக்கிக்கொண்டால் மோட்டாருக்குப் பதில் அது உடையட்டும் என்றே மெதுவான பொருளில் செய்திருக்கிறார்கள். பல் தேய்ந்தால் மோட்டார் விர்ரென்று ஓடும், பிளேடு மட்டும் சுற்றாது அல்லது தடதடக்கும். மாற்றுவது பத்து நிமிஷ வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்து அடித்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மோட்டார் தண்டின் கீழ் முனை தெரியும். பல மாடல்களில் அதில் ஸ்க்ரூ டிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும், இல்லாவிட்டால் தண்டைக் குறடால் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு மேலே கப்ளரைத் திருப்ப வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தவறான பக்கம் திருகி மரையைக் கெடுக்கிறார்கள். அரைக்கும்போது பளு கப்ளரைப் பின்னால் இழுக்கும், அந்த இழுப்பில் அது இறுகும்படிதான் மரை போட்டிருப்பார்கள். ஆகவே மோட்டார் எந்தத் திசையில் ஓடுமோ அதே திசையில் திருப்பினால்தான் கழலும். ஓடும் திசை தெரியவில்லை என்றால் ஜார் இல்லாமல் ஒரு நொடி ஓட்டி, நிற்கும்போது கவனித்துக்கொள்ளுங்கள், பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். கழற்றியதும் கப்ளருக்கு அடியில் இருக்கும் வாஷர்களை வந்த வரிசையிலேயே எடுத்து வையுங்கள். ஒரு வாஷர் விட்டுப்போனாலும் கப்ளர் தாழ்ந்து உட்கார்ந்து ஜாரைச் சரியாகப் பிடிக்காது.

திறந்த கையோடு கார்பனையும் பாருங்கள். மோட்டாரின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கோடு சின்னக் கரிக்கட்டை இருக்கும். அது கால் அங்குலத்துக்குக் குறைந்திருந்தால், ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால், இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். மிக்ஸி ஓடும்போது உள்ளே நீலப்பொறி அதிகமாகத் தெரிவதற்கும் ஒரு கருகல் வாசனை வருவதற்கும் முதல் காரணம் இதுதான். கார்பன் தொட்டு ஓடும் செம்பு வளையம் கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, இடுக்குகளில் இருக்கும் கரிப்பொடியைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள். புதுக் கார்பன் போட்டதும் முதல் சில நிமிஷம் பொறி வரும், உட்கார்ந்ததும் குறையும்.

ஜாருக்கு அடியில் கறுப்பாக ஈரம் கசிந்தால் ஜார் புஷ், அதாவது பிளேடுத் தண்டு சுழலும் குழல், தேய்ந்துவிட்டது. அது வெறும் தண்ணீர் இல்லை, புஷ்ஷில் இருந்த கிரீஸும் உலோகப் பொடியும் கலந்தது. அந்தக் கசிவு சட்னிக்குள்ளும் போகும், கீழே மோட்டாருக்குள்ளும் இறங்கும். பிளேடு, தண்டு, புஷ் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய தண்டில் புதுப் புஷ் போட்டால் சில மாதத்தில் மறுபடி கசியும், ஏனென்றால் தண்டும் தேய்ந்திருக்கும். இந்த வேலையைக் கடையில் விட்டுவிடுவது நல்லது, புஷ்ஷை நேராக அழுத்த அவர்களிடம் கருவி இருக்கிறது. வீட்டில் சுத்தியலால் அடித்தால் கோணும்.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அடியில் சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே தள்ளியிருக்கும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். அடிக்கடி அது தள்ளினால் நாம்தான் ஜாரை நிரப்புகிறோம் என்று பொருள், அல்லது புஷ் இறுகியிருக்கிறது.

அதிக நேரம் செலவழிக்கத் தகுந்தது கிரைண்டர்தான். இட்லி மாவு உப்பி வருவது இதன் கையில் இருக்கிறது. பெற்றோர் வீட்டிலிருந்து வருவது இரண்டு வகை. ஒன்று பெரிய கல் குழவியோடு தரையில் நிற்கும் கிரைண்டர். இன்னொன்று மேசை மேல் வைக்கும் டேபிள் டாப், அதில் கூம்பு வடிவக் கல் இரண்டு உருளும்.

பெரிய கிரைண்டருக்குக் கல்லே உயிர். வருஷக்கணக்கில் ஓடினால் கல் வழவழப்பாகிவிடும். அப்புறம் உளுந்து அரைபடாமல் கல்லோடு சேர்ந்து வழுக்கும். மாவு சூடாகும், பொங்காது. அம்மாக்கள் இதை "கல் மழுங்கிப்போச்சு" என்பார்கள். அம்மி கொத்த வருபவர்கள் முன்பு தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள், இப்போது விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். கொத்தும்போது ஆழமாகக் கொத்தச் சொல்லாதீர்கள். புள்ளி புள்ளியாக, நெருக்கமாக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். குழவியையும் அடிக்கல்லையும் இரண்டையுமே கொத்த வேண்டும், ஒன்றை மட்டும் கொத்தினால் பாதிப் பலன்தான். கொத்தியபின் இரண்டு மூன்று தடவை தவிடோ உடைத்த அரிசியோ தண்ணீரோடு அரைத்துக் கொட்டிவிட வேண்டும். கொட்டும் மாவை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு இருக்கும்வரை சமையலுக்கு மாவு அரைக்கக்கூடாது. அந்தத் தவிட்டை மாட்டுக்கும் வைக்காதீர்கள், கல்பொடி கலந்தது.

டேபிள் டாப்பில் கல் அவ்வளவு சீக்கிரம் மழுங்காது. அதில் தேய்வது கல்லுக்கு நடுவில் இருக்கும் நைலான் புஷ். கல்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டில் ஆடாமல் சுழல வேண்டும். லொடலொடவென்று ஆடினால் கல் சாய்ந்து பாத்திரத்தின் ஸ்டீலில் உரசும், மாவில் சாம்பல் நிறக் கோடு விழும். அந்த மாவைச் சாப்பிடக்கூடாது. மாவு நரநரவென்று இருக்கிறது, கல்லும் புஷ்ஷும் சரியாக இருக்கிறது என்றால் மேலே ஸ்பிரிங் வைத்த நட்டைப் பாருங்கள். கல்லை அடியில் அழுத்திப் பிடிப்பது அந்த ஸ்பிரிங்தான். பழசானால் தொய்ந்துவிடும், நட்டு முழுக்க இறுக்கியும் அழுத்தம் வராது.

கிரைண்டரைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினால் பெல்ட் தெரியும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பளு ஏறியதும் வழுக்கும், ரப்பர் கருகும் நாற்றம் வரும். மோட்டாரைத் தாங்கும் போல்டுகள் நீளமான துளையில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தளர்த்தி மோட்டாரைக் கொஞ்சம் வெளியே நகர்த்தி மறுபடி இறுக்கினால் பெல்ட் இழுபடும். ரொம்ப இறுக்கிவிடாதீர்கள், தண்டு புஷ் ஒரு பக்கமாகத் தேயும். பெல்டின் உள்பக்கம் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தால் இழுத்துக் கட்டிப் பயனில்லை, புதிது போடுங்கள். நம்பர் பெல்டின் முதுகில் அச்சடித்திருக்கும். அழிந்திருந்தால் பழைய பெல்டையே கொண்டுபோக வேண்டும்.

கிரைண்டர் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். போன வாரத்து மாவு காய்ந்து கல்லைப் பிடித்திருக்கும், மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் போயிருக்கும், இல்லையென்றால் லோ வோல்டேஜ். கடைசியது நம் பக்கத்துக்கே உரியது. பம்ப்செட் நிறைய ஓடும் லைனில் வீட்டுக்கு 180, 190 வோல்ட்தான் வரும் நேரங்கள் உண்டு. கிரைண்டர் மோட்டாருக்குக் கிளம்பும் விசை ஏற்கனவே குறைவு, வோல்டேஜ் குறைந்தால் இன்னும் மோசம். அதனால் பாத்திரத்தில் உளுந்தைக் கொட்டிவிட்டு சுவிட்ச் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு வெறுமனே ஓடவிட்டு, ஓட ஓட உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். நடுவில் கரண்ட் போய் வந்தால் கல்லைத் தூக்கிவிட்டு அல்லது மாவைக் கொஞ்சம் வழித்துவிட்டுத்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

டேபிள் டாப்பைக் கொல்வது நடுத்தண்டு வழியாக இறங்கும் மாவு. கழுவும்போது பாத்திரத்தின் அடிக்குழி நிறையத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் சீல் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள். மோட்டாரைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் சீல் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சீலிங் ஃபேனில் நூற்றுக்கு எண்பது தகராறு கண்டன்சர்தான் என்று எந்த எலக்ட்ரீஷியனும் சொல்வார். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது உறுமிக்கொண்டு நிற்கிறது, குச்சியால் தள்ளினால் சுற்றுகிறது என்றால் அதுவே. பழைய ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட், சிலவற்றில் 3.15 இருக்கும். பழையதில் எழுதியுள்ள எண்ணையே வாங்குங்கள். பெரியது போட்டால் வேகமாகச் சுற்றும் என்று போட்டால் காயில் சூடாகும். நூறு ரூபாய்க்குள் வேலை முடியும். கழற்றும் முன் ஒயர் எது எதில் போகிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பொருத்தினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றிக் காற்றை மேலே தள்ளும்.

கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். முதல் நாள் சத்தம் நிற்கும், அப்புறம் எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொண்டு இறுகும். சம்பா அறுவடை முடிந்த மாதத்தில் வைக்கோல் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். பல சீலிங் ஃபேன்களில் இரண்டு பேரிங், 6201 ஒன்று, 6202 ஒன்று. வாங்கும் முன் பழையதில் எண்ணைப் பார்த்துவிடுங்கள், இரண்டையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். இறக்கையை ஃபேனுக்கு ஃபேன் மாற்றிப் போடக்கூடாது. மூன்றும் எடை பார்த்து ஜோடி சேர்த்தவை, மாறினால் ஃபேன் ஆடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்த ஃபேன் என்றால் ஓட்டத்தைப் பார்ப்பதற்கு முன் தொங்கும் கம்பியைப் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி, போல்டு, அதில் சொருகிய பின் எல்லாம் துருவில் உப்பியிருக்கும். மேலே வர்ணம் அடித்து மறைத்திருப்பார்கள். சுரண்டிப் பாருங்கள். கம்பியும் போல்டும் பின்னும் கொக்கியில் மாட்டும் ரப்பரும் புதிதாக வாங்கினால் பெரிய செலவில்லை. ஃபேனை வாங்கிக்கொள்ளலாம், அதன் போல்டை வாங்கிக்கொள்ளக்கூடாது.

பழைய ஃபேனை எந்த அறையில் மாட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய 48 அங்குல ஃபேன் சுமார் 75 வாட். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 54 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட், அதே ஓட்டத்துக்கு 22 யூனிட்டுக்குள். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அதனால் இரவு பகல் ஓடும் கூடத்துக்குப் புதிது வாங்குங்கள், பழையதை விருந்தாளி அறையிலும் சாமி அறையிலும் மாட்டுங்கள். பெரிய டப்பா மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரை மட்டும் கொண்டுவராதீர்கள். ஃபேன் வேகத்தைக் குறைத்தாலும் அது மிச்சக் கரண்டைச் சூடாக்கித் தள்ளும், பில் பெரிதாகக் குறையாது.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் சிக்கனத்துக்கு எதிராகத்தான் பேச வேண்டியிருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய ஈபி மீட்டரே போதும். மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எண் இருக்கும், 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டி ஐந்து நிமிஷம் எண்ணுங்கள். 20 சிமிட்டல் என்றால் 75 வாட். ஃபேனுக்கு இது போதும். ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் முழுநாள் கணக்கு வேண்டும். அப்பா அம்மா குலதெய்வம் கோயிலுக்கு வெளியூர் போகும் நாளில் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, போகும்போதும் வரும்போதும் ரீடிங் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள் என்றால் தாராளமாக ஏற்றுங்கள். இரண்டு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 120, இலவச நூறையும் அது ஒன்றே தின்றுவிடும். புதுச் சின்ன ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ் நாளைக்கு அரை யூனிட் சுற்றித்தான் எடுக்கும்.

அதிகக் கரண்ட் எடுப்பதற்குக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டும் காரணமாக இருக்கலாம். பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். இழுக்கத் தடை இருக்க வேண்டும். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். கேஸ்கெட்டை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, சுருங்கிய இடத்தை இழுத்து நிமிர்த்தினால் பாதித் தொல்லை தீரும். வெடித்திருந்தால் அளவு கொடுத்துப் புதிது போடலாம்.

1990களில் வாங்கிய ஃபிரிட்ஜ் என்றால் உள்ளே குளிரூட்டுவது பெரும்பாலும் ஆர்-12 வாயு. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அதன் உற்பத்தி இந்தியாவில் 2008-இல் நின்றுவிட்டது. வாயு ஒழுகிப்போன அந்தக் காலத்து ஃபிரிட்ஜுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இப்போதைய ஃபிரிட்ஜ்களில் பலவற்றில் ஆர்-600ஏ இருக்கிறது, அது தீப்பிடிக்கும் வாயு. அந்த வாயுவில் வேலை பழகிய மெக்கானிக் மட்டுமே அதில் கை வைக்கலாம். பின்பக்க ஸ்டிக்கரில் வாயுவின் பெயர் இருக்கும்.

குட்டியானையில் நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், நிமிர்த்தி அரை நாளாவது விட்டபிறகே ஓட்டுங்கள். ஸ்டெபிலைசர் இல்லாவிட்டால் கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள், வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கம்ப்ரசர் கிளம்பத் திணறும், அந்தத் திணறலில்தான் ரிலேயும் காயிலும் போகின்றன. ஐஸைக் கத்தியால் சுரண்டாதீர்கள், ஃப்ரீசர் தகடு அலுமினியம், ஒரு குத்தில் வாயு முழுதும் போய்விடும். பின்னால் கம்ப்ரசர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள், டெங்கு கொசு முட்டையிட அதுவே போதும்.

சூடாக்கும் சாமான்களில் இளகிய மனது கூடாது. பழைய இஸ்திரிப்பெட்டி கனமாக, நன்றாகத் தேய்க்கும். மைக்காத் தகட்டில் சுற்றிய கம்பி அறுந்தால் எலிமெண்ட் மாற்றலாம். ஆனால் இரண்டு முனை பிளக்கோடு வந்தால் மூன்று கம்பி ஒயர் போட்டு, எர்த்தைப் பெட்டியின் உடம்பில் இறுக்கிக் கட்டாமல் ஒரு சட்டைகூடத் தேய்க்காதீர்கள். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை வெட்டிவிட்டு, அல்லது சாக்கெட்டின் எர்த் துளையில் பேனா மூடியைச் சொருகிவிட்டுப் பழைய பிளக்கை ஏற்றும் பழக்கம் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. உயிர் போகும் இடம் இது. வாடகை வீடு என்றால் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் களிமண் ஈரம் பிடிக்கும், எர்த்துக்கு நல்லது, ஆனால் கோடையில் வெடித்துக் காயும்போது எர்த் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடலோர மணலில் இன்னும் சீக்கிரம் காயும். பழைய சாமான்களை நம்பி ஓட்டும் வீட்டுக்கு கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லியாம்ப் ஈஎல்சிபி ஒன்று கட்டாயம். பெற்றோர் கொடுத்த சாமானில் மிச்சமான பணத்தில் முதலில் இதை வாங்குங்கள்.

குக்கருக்குப் புது கேஸ்கெட், புது சேஃப்டி வால்வு. இரண்டையும் அந்தக் கம்பெனியின் அந்த அளவிலேயே போடுங்கள். சேஃப்டி வால்வுக்குள் இருப்பது அளவுக்கு மீறிய சூட்டில் உருகவேண்டிய உலோகம், அந்த ஓட்டையை வேறு எதையும் வைத்து அடைக்கக் கூடாது. அடி உப்பிய குக்கரை அரிசி டப்பாவாக வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பை வாங்கிக்கொள்ளலாம், டியூபை வேண்டாம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருஷம்தான் கணக்கு.

சாமான் வந்த வாரத்திலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கப்ளர் இரண்டு, கார்பன் ஒரு ஜோடி, கிரைண்டர் பெல்ட் ஒன்று, ஃபேன் கண்டன்சர் ஒன்று, குக்கர் கேஸ்கெட் ஒன்று வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய மாடல்களின் பாகம் கடையில் தீர்ந்தால் மறுபடி வருவதில்லை. கேஸ்கெட்டை மட்டும் ரொம்ப வருஷம் சேமிக்காதீர்கள், கிடந்தாலும் ரப்பர் இறுகிவிடும். மாற்றிய தேதியையும் பெல்ட் நம்பரையும் துணி பிளாஸ்திரியில் எழுதிக் கிரைண்டரின் அடியில் ஒட்டிவிடுங்கள். பல வீடுகளில் அங்கே ஏற்கனவே அப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் அதற்குக் கீழே ஒட்டுங்கள்.